ஒலியை அணைத்துவிட்டுப் பாட்டைப் பாருங்கள்

தென்னந்தோப்புக்கு மேலே ட்ரோன் எழும்பும். வரப்பில் ஒருவர் ஸ்லோமோஷனில் நடந்து வருவார். படித்துறையில் கால் நனையும், தண்ணீர் தெறிக்கும். அடுத்து கோபுரம், அதன் ஓரத்தில் சூரியன். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் எடுத்த ஆல்பம் பாட்டைத் திறந்தாலும் முதல் அரை நிமிடம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. எடுத்தவர்களுக்குக் கை வராததால் இப்படி ஆவதில்லை. கல்யாண வீடியோவிலேயே பத்து வருடம் பழகிய கைகள் அவை. தங்களுக்குப் பிடித்த பாட்டிலிருந்து அவர்கள் ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அந்த ஷாட் அந்த இடத்தில் ஏன் விழுந்தது என்ற கணக்கை அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கு எந்த ஊருக்கும் வரும். அதை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒரு நோட்டு வேண்டும்.

ஒரு பாட்டை மூன்று தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, ஒரு ஷாட் முடிந்து அடுத்தது வரும் ஒவ்வொரு வெட்டுக்கும் மேசையில் விரலால் ஒரு தட்டு. பாட்டு காதில் இல்லாதபோது எடிட்டரின் தாளம் தனியாகத் தெரியும். எங்கே தட்டு நெருங்குகிறது, எங்கே நீள்கிறது என்பது விரலுக்கே புரிந்துவிடும். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்பது மட்டும். தாளமில்லாமல் தொடங்கும் தொகையறா எத்தனை நொடி, பல்லவி எங்கே தொடங்குகிறது, இடையிசையில் எந்த வாத்தியம் முன்னால் வருகிறது, சரணத்தில் தாளம் எங்கே ஒதுங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை இரண்டையும் சேர்த்து, ஷாட் ஷாட்டாக. கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ப்ரேம், அதாவது ஓடும் படத்தின் ஒரே ஒரு நிலைப்படம், முன்னே போகும், கால்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ப்ரேம் பின்னே வரும். இந்த வேலைக்குக் கைபேசி உதவாது.

நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு ஆறு பத்தி பிரித்தால் போதும்: ஷாட் தொடங்கும் நேரம், ஷாட்டின் அளவு (நெருக்கமா, தூரமா), கேமரா எப்படி நகர்கிறது, படத்துக்குள் எது நகர்கிறது, வெட்டு தாளத்தில் எங்கே விழுகிறது, வெட்டு விழும்போது உங்கள் கண் திரையில் எங்கே இருந்தது. கடைசிப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதிகம் கற்றுத்தருவது அதுதான். வெட்டு விழும் நொடியில் பார்வை இருந்த இடத்தில் விரலை வையுங்கள். அடுத்த ஷாட்டில் பார்க்க வேண்டிய பொருள் விரலுக்கு அடியிலேயே வந்தால், அரை நொடி ஷாட்டுகூட நிதானமாகத் தெரியும். இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குக் கண் ஓட வேண்டியிருந்தால் ஒரு நொடி ஷாட்டும் தலை சுற்ற வைக்கும். வேகமான பாட்டுகள் கண்ணை உறுத்தாமல் ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பாடுபவர் முகம், ஆடுபவர் கால், வாத்தியக்காரர் கை எல்லாம் திரையின் நடுவிலேயே மாறி மாறி வரும். அதைப் பார்த்துவிட்டு ‘வேகமாக வெட்டினால் போதும்’ என்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

நான்கு நிமிடப் பாட்டில் 100 ஷாட் இருந்தால் சராசரி 2.4 நொடி. அந்தச் சராசரியை நம்ப வேண்டாம். பல்லவி எத்தனை முறை திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் ஷாட்டின் நீளம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அக்கறையாக எடிட் செய்த பாட்டில் முதல் பல்லவி ஆளையும் இடத்தையும் அறிமுகப்படுத்த நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது முறை நமக்கு முகம் தெரியும் என்பதால் பாதி நீளத்திலேயே வேலை முடிந்துவிடும். கடைசிப் பல்லவியில் புதிதாக ஒன்று, ஒரு கூட்டம், ஒரு மழை, ஒரு உயரம் வரும். அதை அதுவரை எடுத்துவைத்துக் காத்திருப்பார்கள். நம் ஊர்ப் பாட்டுகளில் ட்ரோன் ஷாட்டை முதல் பத்து நொடியிலேயே செலவழித்துவிட்டால், நான்காவது பல்லவிக்குக் கையில் எதுவும் மிச்சமிருக்காது.

அடுத்து தாளத்தை ப்ரேமாக மாற்றும் கணக்கு. நொடிக்கு 25 ப்ரேம், பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு என்றால் ஒரு தட்டு 0.6 நொடி, அதாவது சரியாக 15 ப்ரேம். கிராமியப் பாட்டுகள் பலவும் மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடையில் வருபவை. 15 ப்ரேம் மூன்றாகப் பிரிந்தால் ஐந்தைந்து, ஆக நடையின் ஒவ்வொரு அடியிலும் வெட்ட முடியும். நொடிக்கு 24 ப்ரேமில் 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 12 ப்ரேம், அது மூன்றாகவும் நான்காகவும் பிரியும். 24 ப்ரேமில் 96 தட்டுக்கு 15, 90 தட்டுக்கு 16. பாட்டு இன்னும் பதிவாகாத கட்டமென்றால் இசையமைப்பாளரிடம் ஒன்றிரண்டு தட்டு ஏற்றி இறக்கச் சொல்லலாம். பின்னால் எடிட்டிங்கில் பல மணி நேரம் மிச்சமாகும்.

கணினியில் போட்ட தாளத்துக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். மேளக்காரர்கள் நேரில் வாசித்துப் பதிவான பாட்டில் வேகம் உயிரோடு நகரும், பெரும்பாலும் மேலே ஏறும். ஒரு சதவீதம் ஏறினால்கூட மூன்று நிமிடத்தில் 1.8 நொடி தள்ளிவிடும். அப்படிப்பட்ட பாட்டுக்குக் கணக்குப் போடாமல், எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனை ஓடவிட்டு எம் விசையைத் தட்டித் தட்டிக் கையாலேயே அடையாளம் வையுங்கள்.

வெட்டைத் தட்டின் மேலேயே வைப்பதும் எப்போதும் சரியில்லை. புதுப் படத்தைப் புரிந்துகொள்ளக் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அதனால் வெட்டு ஒன்று முதல் மூன்று ப்ரேம் முந்தி விழட்டும், படத்துக்குள் நடக்கும் செயல் தட்டின் மேல் விழட்டும். தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பிப் பக்கம் பூவரசங்கழி, வலந்தலைப் பக்கம் கூடு மாட்டிய விரல்கள். கழி தோலில் படும் ப்ரேமில் வெட்டினால் அடி பாதி பழைய ஷாட்டிலும் பாதி புதியதிலும் சிதறி, அடித்த மாதிரியே இருக்காது. கழி மேலே தூக்கிய நிலையில் புது ஷாட்டுக்குள் நுழையுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது ப்ரேமில் அது இறங்கித் தோலில் படட்டும். அடி காதிலும் கண்ணிலும் ஒரே சமயத்தில் விழும். நீங்கள் ஆராயும் பாட்டில் இதே இடத்தை ப்ரேம் ப்ரேமாகத் தள்ளிப் பார்த்தால், எடிட்டர் எத்தனை ப்ரேம் முந்துகிறார் என்ற அவருடைய வழக்கம் கிடைத்துவிடும்.

எல்லாத் தட்டிலும் வெட்டிக்கொண்டே போனால் முப்பது நொடியில் சலித்துவிடும். நடன மாஸ்டர் எட்டு கவுண்ட் எண்ணுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு வெட்டு, ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று, அடுத்த எட்டு முழுக்க வெட்டே இல்லை. இந்த வெட்டில்லாத எட்டு எங்கே வருகிறது என்பதைச் சிவப்பு மையில் குறியுங்கள். பாட்டின் மனம் அங்கேதான் இருக்கும்.

உதடு ஒத்துப்போகும் ஸ்லோமோஷனைப் பார்த்துப் பலர் மலைக்கிறார்கள். பின்னால் காற்றில் முடியும் துணியும் மெதுவாக அலையும், பாடுபவர் உதடு மட்டும் சரியான வேகத்தில் அசையும். நொடிக்கு 50 ப்ரேமில் எடுக்கிறீர்கள், 25 ப்ரேமில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்குப் பாட வைக்க வேண்டும். 24 ப்ரேமில் ஓட்டும் பாட்டை 36 ப்ரேமில் எடுத்தால் ஒன்றரை மடங்கு. ஒன்றரை மடங்கில் தொடங்குவதே நல்லது. இரண்டு மடங்கில் ‘ழ’வும் ‘ள’வும் வாயிலிருந்து முழுதாக வராது, வார்த்தை நெருக்கமான சரணங்களில் உதடு குழறும். பாடுபவர் முதல் நாளே அந்த வேகத்தில் இருபது தடவையாவது பாடிப் பழக வேண்டும். வேகம் கூட்டிய பாட்டின் தொடக்கத்தில் அதே வேகத்தில் நான்கு தட்டு எண்ணிக்கை சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு டேக்கிலும் முதல் வார்த்தை போய்விடும்.

வயல்வெளியில் லிப் சிங்க் கெடுவதற்கு இன்னொரு காரணம் தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பாடுபவர் 100 மீட்டர் தள்ளி வரப்பில் நிற்கிறார், ஸ்பீக்கர் அவர் காலடியில், கேமரா இந்தக் கரையில். கேமராவின் மைக்கில் பாட்டு 0.29 நொடி தாமதமாகப் பதிவாகும், அது 25 ப்ரேம் கணக்கில் ஏழு ப்ரேம். எடிட்டிங்கில் அந்த ஒலியை வைத்துப் பொருத்தினால் உதடு ஏழு ப்ரேம் முந்தி ஓடும். படத்தை ஏழு ப்ரேம் பின்னே தள்ளினால் சரியாகிவிடும். ஸ்பீக்கரைக் கேமரா பக்கம் வைத்தால் நேர்மாறு: பாடுபவர் காதுக்குப் பாட்டு பிந்திப் போகும், உதடு பிந்தும். தூரத்தைக் காலடியால் அளந்து கிளாப் பலகையிலேயே எழுதிவைப்பது நல்ல பழக்கம். கைபேசியில் எடுத்தால் ப்ரேம் எண்ணிக்கையே நிலையாக இருக்காது. பாட்டின் தொடக்கத்தில் ஒத்துப்போன உதடு மூன்றாவது நிமிடத்தில் விலகியிருக்கும். எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான ப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவுத் திருவிழாக் காட்சிகளுக்கு ஒரு குறிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர், அதாவது ஒரு ப்ரேமுக்கு ஒளி விழும் நேரம், நொடியில் ஐம்பதில் ஒன்றோ நூறில் ஒன்றோ இருந்தால் மினுக்கம் தெரியாது. 120 ப்ரேமில் எடுத்தால் நூறில் ஒரு பங்கு ஷட்டர் வைக்கவே வழியில்லை, படம் துடிக்கும். சீரியல் செட்டின் எல்ஈடி பல்புகளில் சில தமக்கென்று தனி வேகத்தில் மினுங்கும், அவற்றை முன்கூட்டியே பத்து நொடி எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இனி நிலம். மலைப்பாங்கான ஊரில் எடுத்த பாட்டை ஆராய்ந்துவிட்டு அதே ஷாட்டை டெல்டாவில் எடுத்தால் ஏன் சப்பையாகத் தெரிகிறது? அங்கே கேமராவை நிமிர்த்தினாலே முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று அடுக்கு கிடைக்கிறது. இங்கே தரை மேசை போல, அடிவானம் ஸ்கேலில் போட்ட கோடு போல. அடுக்கை நாம்தான் உண்டாக்க வேண்டும். கேமரா பக்கவாட்டில் ஒரு மீட்டர் நகர்ந்தால், இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் தென்னைமரம் 26 பாகைக்கு மேல் இடம் மாறும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் மரம் அரைப் பாகைதான் மாறும். இந்த வித்தியாசம்தான் கண்ணுக்கு ஆழமாகத் தெரிகிறது. கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலை எடுத்துக்கொண்டு வெறும் வயல் முன்னால் இருபது மீட்டர் ஓடினாலும் ஒன்றும் நடக்காது. திண்ணைத் தூண்களுக்குப் பின்னால், நாணல் புதருக்குப் பின்னால், மதகின் ஷட்டர் கம்பிகளுக்குப் பின்னால் மூன்றே மீட்டர் நகருங்கள், படம் திறந்துகொள்ளும். ட்ரோனுக்கும் இதே கணக்கு. நூறு மீட்டர் உயரத்தில் எல்லாம் வரைபடம். பத்துப் பதினைந்து மீட்டரில், தென்னை மட்டைகளுக்கு நடுவே போனால்தான் வேகம் தெரியும். உயரே போவதாக இருந்தால் நேராகக் கீழே பாருங்கள். வரப்புகளின் கட்டங்களும் நடவாட்களின் வரிசையும் அங்கேதான் கோலமாகின்றன.

ட்ரோன் எடுக்குமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இருக்கும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, திருச்சியில் விமான நிலையம், ஆக அந்தச் சுற்றுப்பகுதிகளில் கட்டுப்பாடு உண்டு. பெரிய கோயில், தாராசுரம் இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, அங்கே படப்பிடிப்புக்கு முன் அனுமதி கட்டாயம்.

தண்ணீரில் வானம் தெரியும் வயல் ஷாட் வேண்டுமென்றால் காலம் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12, அதுவும் அணையில் இருப்பைப் பொறுத்தது. கல்லணை திறந்து, வெண்ணாறு, அரசலாறு வழியாகக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர மேலும் நாள் பிடிக்கும். மே மாதம் போய்ப் பார்த்துவைத்த வாய்க்கால் வேறு, ஆகஸ்டில் நிற்கும் வாய்க்கால் வேறு. நட்ட இரண்டு மூன்று வாரம் வரைதான் பயிருக்கு நடுவே வானம் தெரியும், பிறகு தாள் கிளைத்து மூடிவிடும். அந்த ஷாட்டைத் தண்ணீருக்கு ஓரடி மேலே, தாழ்வான கோணத்தில் எடுங்கள். மேலிருந்து நேராகப் பார்த்தால் சேறுதான் தெரியும். போலரைசர் வடிகட்டி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். வானத்தை நீலமாக்க மாட்டிய அதே கண்ணாடி, நீர்ப்பரப்பை 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது பிரதிபலிப்பைத் துடைத்தே எடுத்துவிடும்.

பொன்னொளி நேரம் ஒரு மணி நேரம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். அது அவர்கள் ஊர் சூரியனுக்கு. நம் அட்சரேகையில் சூரியன் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்கு ஆறு பாகை மேலே இருக்கும் சூரியன் 25 நிமிடத்தில் மறைந்துவிடும். ஒரு அமைப்புக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து ஷாட், அவ்வளவுதான். எந்த ஐந்து என்பதை நோட்டைப் பார்த்து முதல் நாளே முடிவு செய்யுங்கள். நடுப்பகலில் 25 ப்ரேமுக்கு ஷட்டர் ஐம்பதில் ஒன்று, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 2.8 வேண்டுமானால் ஒளியை ஆறு ஸ்டாப், அதாவது ஆறு முறை பாதி பாதியாக, குறைக்க வேண்டும், அதற்கு லென்ஸ் முன்னால் மாட்டும் என்டி 64 வடிகட்டி. அது இல்லாமல் கைபேசியில் எடுத்தால் ஷட்டர் தானாக இரண்டாயிரத்தில் ஒன்றுக்கு ஏறிவிடும். தெறிக்கும் தண்ணீர் துளித்துளியாக விறைத்து நிற்கும், ஆடும் கால் விட்டுவிட்டுத் துள்ளும். ‘அவர்கள் பாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறதே’ என்று வியப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கறுப்புக் கண்ணாடிதான்.

கணக்கை எடுத்துக்கொண்டு ஷாட்டை விட்டுவிடுவது எப்படி என்பதற்கு பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் கோந்த்ரி இயக்கிய இரண்டு வீடியோக்கள் நல்ல பாடம். டாஃப்ட் பங்க் குழுவின் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’, 1997. அதில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் ஆட்டக் கூட்டம். தாளத்துக்கு மம்மிகள், கிட்டாருக்கு எலும்புக்கூடுகள், பேஸ் கிட்டாருக்குப் படியில் ஏறி இறங்கும் விளையாட்டு வீரர்கள். ஸ்வரம் ஏறும்போது அவர்கள் ஏறுகிறார்கள், இறங்கும்போது இறங்குகிறார்கள். ஒலியை அணைத்துப் பார்த்தாலும் பாட்டு கேட்கும். இதைப் பார்த்துவிட்டு மம்மி வேடம் போட வேண்டியதில்லை. நாயனம், தவில், ஒத்து, தாளம் நான்கும் நம்மிடம் இருக்கின்றன. ஒத்து எப்போதும் மாறாத ஒரே ஸ்வரம், அதற்கு ஓடிக்கொண்டே இருக்கும் ஆற்றை அசையாத ஒரே ஷாட்டில் வையுங்கள். தாளத்துக்கு மதகில் விழும் நீர், தவிலுக்குக் களத்துமேட்டில் கதிரடிக்கும் கைகள். நாயனம் மேலே போகும்போது மட்டும் கேமரா மேலே போகட்டும்.

இன்னொன்று கெமிக்கல் பிரதர்ஸின் ‘ஸ்டார் கிட்டார்’, 2002. ரயில் ஜன்னலிலிருந்து ஒரே ஷாட் போலத் தெரியும் காட்சி, கடந்துபோகும் கட்டடமும் கம்பமும் ஒவ்வொன்றும் பாட்டின் ஓர் ஒலிக்குச் சரியாக வருகின்றன. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை போகும் ரயிலில் இதைச் சின்னதாகச் செய்து பழகலாம். மின்கம்பங்களின் இடைவெளி சுமார் 60 மீட்டர், ரயில் 72 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால் மூன்று நொடிக்கு ஒரு கம்பம். நிமிடத்துக்கு 100 தட்டுப் பாட்டில் அது ஐந்து தட்டு, ஐந்து ஐந்தாக எண்ணும் தாளத்துக்குத் தானாகப் பொருந்தும். நான்கு தட்டுக்கு ஒரு கம்பம் வேண்டுமானால் படத்தை 125 சதவீத வேகத்தில் ஓட்டுங்கள். ரயிலின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், வளைவில் கம்பங்கள் நெருங்கும். அதனால் கம்பத்துக்குக் கம்பம் வேகத்தைத் தனித்தனியாகத் திருத்த வேண்டும். பக்கத்துக் கம்பங்கள் சாய்ந்து தெரிந்தால் அது கேமராவின் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் வருவது, ஷட்டரைக் கூட்டினாலும் போகாது. தொலைவில் இருக்கும் பனைமரங்களைத் தாளமாக வைத்துக்கொண்டால் சாய்வு குறையும். கதவருகே நிற்க வேண்டாம், ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே லென்ஸை வைத்தாலே போதும்.

கடைசியாக ஏற்றுமதி. காற்றில் அசையும் நெற்பயிர் யூடியூப் வீடியோவைச் சுருக்கும் முறைக்குப் பெரிய எதிரி. ஆயிரக்கணக்கான தாள்கள் தனித்தனியாக அசைவதால் படம் களிம்பு பூசியது போல ஆகிவிடும், அதிலும் வேகமாக வெட்டினால் இன்னும் மோசம். நீங்கள் ஆராய்ந்த பாட்டு தெளிவாக இருந்ததற்கு அதன் பின்னணி வெறும் சுவராக இருந்ததும் காரணமாக இருக்கலாம், நோட்டில் அதையும் பாருங்கள். 1080 அளவில் எடுத்ததைக்கூட 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினால் யூடியூப் கூடுதல் பிட்ரேட், அதாவது நொடிக்குக் கூடுதல் தரவு, தருகிறது. பயிர் நிறைந்த ஷாட்டுகளை இரண்டு நொடிக்குக் குறையாமல் வைத்து, வேகமான வெட்டுகளை முகத்துக்கும் வானத்துக்கும் சுவருக்கும் ஒதுக்குங்கள்.

முழுப் பாட்டில் இறங்குமுன் ஒரு பயிற்சி. ஆராய்ந்த பாட்டிலிருந்து எட்டு எட்டாக நான்கு கவுண்ட், 100 தட்டு வேகத்தில் அது 19.2 நொடி. அந்தப் பகுதியின் ஷாட் நீளங்களையும் கண் இருக்கும் இடங்களையும் மட்டும் நோட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, படத்துக்கு உங்கள் தெரு, உங்கள் வாய்க்கால், உங்கள் மேளக்காரர்கள். ஒரே மாலையில் எடுத்து, அன்றிரவே வெட்டி, பாட்டே தெரியாத ஒருவரிடம் ஒலியை அணைத்துக் காட்டுங்கள். அவர் விரல் தானாக மேசையில் தட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டாமல் விட்ட இடங்களில்தான் மறுநாள் மறுபடி எடுக்க வேண்டிய ஷாட்டுகள் இருக்கின்றன.